மடிக்கணினி கொதிக்கிறதா? பயாஸில் கை வைக்கும் முன்னும் பின்னும்

கோலாலம்பூரில் பிற்பகல் இரண்டு மணிக்குக் குளிர்சாதனம் இல்லாத அறையில் 32, 33 டிகிரி இருப்பது சாதாரணம். அந்த அறையில் இயங்கும் மடிக்கணினியும் அதே காற்றைத்தான் உள்ளே இழுத்துத் தன் பிராசசரைக் குளிரவைக்கப் பார்க்கிறது. அறை பத்து டிகிரி ஏறினால், அதே வேலையை அதே விசிறி வேகத்தில் செய்யும் பிராசசரும் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறும். ஆகவே குளிர்நாட்டில் எடுத்த மதிப்புரைக் காணொளியில் 82 டிகிரி என்று பார்த்துவிட்டு, செந்தூலிலோ ஜெலுத்தோங்கிலோ உள்ள வாடகை அறையில் தன் கணினி 92 காட்டுகிறதே என்று பதறத் தேவையில்லை. இன்டெல் 1972 முதல் பினாங்கில் சில்லுகளைப் பொருத்திச் சோதித்து வருகிறது. உங்கள் பிராசசர் பாயான் லெப்பாஸ் வழியாகவே வந்திருக்கலாம். அதற்காக அது இந்த ஊர் வெயிலுக்குத் தனிச் சலுகை எதுவும் காட்டாது.

சூடு வேறு, சூட்டினால் வரும் மந்தம் வேறு. சூட்டை உண்டாக்குவது பிராசசர். எந்தச் சூட்டில் விசிறி சுழல வேண்டும், எந்த அளவில் வேகத்தைக் குறைக்க வேண்டும், எத்தனை வாட் மின்சாரம் இழுக்கலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது ஃபர்ம்வேர், அதாவது வன்பொருளை இயக்க மதர்போர்டுச் சில்லுகளிலேயே பதிந்து வரும் நிரல். அதில் முக்கியமானது பயாஸ். 'பயாஸை அப்டேட் செய்து பார்' என்ற அறிவுரை அதனால்தான் பல வேளைகளில் பலிக்கிறது. வேறு பல வேளைகளில் ஒரு மாற்றமும் தராமல், இருந்ததையும் கெடுத்துவிடுகிறது. எது எந்த வேளை என்று பிரித்தறிவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள்

விண்டோஸ் வருவதற்கு முன்பே ஓடிக் கணினியை எழுப்பும் பயாஸ், மதர்போர்டில் ஒரு சிறிய நினைவகச் சில்லில் இருக்கிறது. இப்போதைய கணினிகளில் அதன் முறையான பெயர் யுஇஎஃப்ஐ. பேச்சில் எல்லோரும் பயாஸ் என்றே சொல்கிறோம். அதோடு ஈசி எனப்படும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்றும் உண்டு. விசைப்பலகை, பேட்டரி, விசிறி ஆகிய மூன்றையும் பெரும்பாலும் அதுதான் மேய்க்கிறது. கணினி அணைந்திருக்கும்போதும் இது விழித்திருக்கும். பயாஸ் அப்டேட் செய்யும்போது பல நிறுவனங்கள் ஈசிக்கான புதிய நிரலையும் சேர்த்தே அனுப்புகின்றன. அதனால்தான் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு விசிறியின் குணமே மாறியது போல் தோன்றுகிறது.

அடுத்து மின்வரம்பு. இன்டெல் பிராசசர்களில் பிஎல்1, பிஎல்2 என இரண்டு எண்கள் உண்டு. பிஎல்2 என்பது குறுகிய நேரத்துக்கு இழுக்கக்கூடிய உச்சம்; பிஎல்1 நெடுநேரம் தாங்க வேண்டிய அளவு. 15 வாட் வகையைச் சேர்ந்த ஐ5-8250யூ பிராசசர் பல மாடல்களில் சில நொடிகளுக்கு 44 வாட் வரை இழுக்கும், பிறகு இறங்கிவிடும். தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் முதல் ஐம்பதை ஓடி ஏறுபவர் மீதியை நடந்தே ஏறுவது போலத்தான் இதுவும். 'முதல் அரை நிமிடம் பறக்கிறது, அப்புறம் படுத்துவிடுகிறது' என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த இயல்பான இறக்கம்தான்.

ஃபர்ம்வேரே குற்றவாளியாக இருந்த கதைகளும் உண்டு. 2018 ஜூலையில் புதிதாக வந்த மேக்புக் புரோ மடிக்கணினிகள் கடும் வேலையின்போது அளவுக்கு மீறி மந்தமாயின. ஃபர்ம்வேரில் ஒரு டிஜிட்டல் சாவி விடுபட்டுப் போனதே காரணம் என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு, அதே மாதம் மேக்ஓஎஸ் 10.13.6க்கான துணை அப்டேட்டில் சரிசெய்தது. ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் தீர்ந்த சிக்கல் அது.

முதல் வேலை: அளந்து பாருங்கள்

எச்டபிள்யு இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, 'சென்சார்ஸ் ஒன்லி' என்பதைத் தேர்ந்து திறந்தால் நீளமான பட்டியல் ஒன்று வரும். அதில் உங்களுக்கு வேண்டியவை நான்கே: பிராசசரின் வெப்பநிலை, அதன் கடிகார வேகம், 'சிபியு பேக்கேஜ் பவர்' எனப்படும் வாட் அளவு, 'தெர்மல் த்ராட்லிங்' (சூட்டினால் வேகத்தைக் குறைத்தல்) என்ற வரியில் வரும் ஆம் அல்லது இல்லை. வழக்கமாக மந்தமாகும் வேலையைச் செய்தபடி பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு கீழ்க்கண்டவற்றில் உங்களுடையது எது என்று பாருங்கள்.

வெப்பநிலை 95 முதல் 100 டிகிரி வரை ஏறி, த்ராட்லிங் 'ஆம்' என்று காட்டி, வேகம் இறங்குகிறது என்றால் உண்மையிலேயே சூடு வெளியேறவில்லை. முதலில் தூசு, பிறகுதான் ஃபர்ம்வேர்.

வெப்பநிலை 75ஐத் தொட்டு நிற்கிறது, அரை நிமிடம் கழித்து வாட் அளவு ஒரே எண்ணில் உறைந்துவிடுகிறது என்றால் அது மின்வரம்பு. கணினி வடிவமைப்பின்படியே நடந்துகொள்கிறது. இதை மாற்ற ஒரு சிறு அமைப்பு போதும், சில மாடல்களில் மாற்றவே முடியாது.

வெப்பநிலை 50, 60தான். ஆனால் வேகம் 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸில் ஆணியடித்தது போல நிற்கிறது, சுட்டியை நகர்த்தவே திணறுகிறது. இதைக் கண்டால் கொஞ்சம் மகிழ்ச்சி அடையலாம். சூடே இல்லாமல் யாரோ பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். சார்ஜர், ஈசி, சென்சார் இவற்றில் ஏதோ ஒன்று. ஃபர்ம்வேர் வழியாகத் தீரும் வாய்ப்பு அதிகமுள்ள வகையும் இதுதான்.

எதுவும் செய்யாமல் இருக்கும்போதே சூடு 85ஐத் தாண்டுகிறது என்றால் 'டாஸ்க் மேனேஜர்' திறந்து, பிராசசரைத் தின்னும் நிரல் எது என்று பாருங்கள். வைரஸ் தடுப்பானோ, விண்டோஸ் அப்டேட்டோ, மூடாமல் விட்ட முப்பது உலாவித் தாவல்களோ காரணமாக இருக்கலாம். இதற்குப் பயாஸில் மருந்து இல்லை.

எண்களைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். எந்த நேரம், குளிர்சாதனம் ஓடியதா என்பதையும் எழுதுங்கள். இரவில் குளிரூட்டிய அறையில் எடுத்த அளவையும் நண்பகலில் எடுத்த அளவையும் ஒப்பிட்டு 'அப்டேட் வேலை செய்துவிட்டது' என்று நம்புகிறவர்கள் நிறைய.

தூசு, சார்ஜர், ஒரு நிமிட ரீசெட்

மெத்தை மேல் வைக்காதீர்கள். பின்புறத்தைச் சற்று உயர்த்துங்கள். காற்றுத் துளைகளைப் பாருங்கள். சாமி மேடைக்கு அருகில் கணினி இருந்தால் சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் புகையும் விசிறித் தகடுகளில் பிசுபிசுப்பாகப் படிந்து, மேலே வரும் தூசை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். புகைமூட்டக் காலமும் அப்படித்தான். உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் நீங்களே திறப்பதற்கு முன் நிபந்தனைகளைப் படியுங்கள்.

சார்ஜரைப் பலர் சந்தேகிப்பதே இல்லை. டெல் மடிக்கணினிகளில் உருளை முனை கொண்ட சார்ஜரின் நடுவில் உள்ள மெல்லிய ஊசி, இது எத்தனை வாட் சார்ஜர் என்பதைக் கணினிக்குச் சொல்லும். ஊசி வளைந்திருந்தாலோ, மலிவு விலைச் சார்ஜரில் அந்தத் தகவல் இல்லாவிட்டாலோ, கணினி அதை அடையாளம் காணாமல் வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துவிடும். திறக்கும்போது ஓர் எச்சரிக்கையும் வரும். யுஎஸ்பி-சி வழியே மின்னேற்றும் கணினிகளிலும், 65 வாட் தேவைப்படும் இடத்தில் கைப்பேசியின் சார்ஜரைச் செருகினால் இதே கதைதான். அசல் சார்ஜரை இரவல் வாங்கியாவது ஒருமுறை சோதியுங்கள். மேலே சொன்ன 0.4 கிகாஹெர்ட்ஸ் வகையில் பல இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது ஈசியை மீட்டமைப்பது. கணினியை முழுமையாக அணைத்து, சார்ஜரையும் மற்ற எல்லாக் கம்பிகளையும் பிடுங்கி, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, மின்பொத்தானை முப்பது நொடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரைச் செருகித் திறக்கலாம். பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்ட திங்க்பேட் மாடல்கள் பலவற்றில் அடிப்பக்கம் ஓர் ஊசித்துளை இருக்கும். காகிதக் கவ்வியின் முனையால் அதை மெல்ல அழுத்தினால் போதும். குழம்பிப்போன ஈசி பழையபடி தொடங்கும். இதில் தரவு எதுவும் அழியாது. சுழலாமல் நின்ற விசிறி இந்த ஒரு நிமிடத்தில் எழுந்துவிடுவதும் உண்டு.

பயாஸ் பக்கங்களுக்குள்

புதிய பயாஸ் தேடுவதற்கு முன், இருக்கும் பயாஸில் என்ன வசதி இருக்கிறது என்று பாருங்கள். திறக்கும் கணத்தில் ஒரு விசையைத் தட்ட வேண்டும்: டெல், ஆசுஸ், ஏசர் பெரும்பாலும் எஃப்2, எச்பி எஃப்10, திங்க்பேட் எஃப்1. திரை அதற்குள் கடந்துவிடுகிறது என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி விண்டோஸில் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். வரும் நீலத்திரையில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' வழியாக 'யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்' போகலாம்.

உள்ளே போனதும் எதையும் மாற்றாமல் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுங்கள். பின்னால் எல்லாம் குழம்பினால் இந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

டெல் கணினிகள் பலவற்றில் 'தெர்மல் மேனேஜ்மென்ட்' என்ற பகுதி உண்டு. ஆப்டிமைஸ்ட், கூல், குவையட், அல்ட்ரா பெர்ஃபார்மன்ஸ் என நான்கு தேர்வுகள். நம் ஊர் வெப்பத்தில் 'குவையட்' வைத்துக்கொண்டு மந்தம் என்று புலம்புவதில் பொருளில்லை. விசிறி இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால் 'கூல்' வைத்துப் பாருங்கள். திங்க்பேட்டில் 'கான்ஃபிக்' பகுதியின் 'பவர்' பக்கத்தில் 'அடாப்டிவ் தெர்மல் மேனேஜ்மென்ட்' இருக்கும். அதில் 'மேக்ஸிமைஸ் பெர்ஃபார்மன்ஸ்', 'பேலன்ஸ்ட்' என இரண்டு நிலைகள். எச்பியில் 'ஃபேன் ஆல்வேஸ் ஆன் வைல் ஆன் ஏசி பவர்' என்ற நீண்ட பெயருடைய அமைப்பு ஒன்று உண்டு. அது அணைந்திருந்தால் ஓய்வில் விசிறி நின்று, வேலை தொடங்கியதும் திடீரென்று அலறும். இந்தத் தட்பவெப்பத்தில் அதை இயக்கி வைப்பதே மேல்.

பிறகு டர்போ, அதாவது பிராசசர் தன் அடிப்படை வேகத்தைத் தாண்டிச் சிறிது நேரம் ஓடும் வசதி. கட்டுரை எழுத, இணையம் பார்க்க, காணொளி வகுப்பில் உட்கார மட்டும் கணினி தேவையென்றால் டர்போவை அணைப்பது மிக நல்ல தீர்வு. சூடு சட்டென்று இறங்கும், வேக இழப்பு இத்தகைய வேலைகளில் பெரிதாகத் தெரியாது. பயாஸைத் தொடாமலேயே இதைச் சோதிக்க வழி உண்டு: விண்டோஸின் பழைய 'பவர் ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் 'மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்' என்பதை 100இலிருந்து 99 ஆக்கினால் பொதுவாக டர்போ நின்றுவிடும். புதிய கணினிகள் சிலவற்றில் இந்த வரி மறைந்திருக்கும். காணொளி தொகுப்பவர்களுக்கும் விளையாட்டுப் பிரியர்களுக்கும் இந்த வழி கட்டாது.

பைக்குள் வைத்த கணினி எல்ஆர்டி ரயிலை விட்டு இறங்கும்போது இட்லிச் சூட்டில் இருந்தால் காரணம் வேறு. மூடிய பிறகும் முழுதாகத் தூங்காமல், பின்னணியில் விழித்திருக்கும் தூக்கமுறை இப்போதைய விண்டோஸ் கணினிகளில் வழக்கமாகிவிட்டது. சில திங்க்பேட் மாடல்களின் பயாஸில் 'ஸ்லீப் ஸ்டேட்' என்ற பெயரில் பழைய தூக்கமுறைக்கு மாற்றும் வசதி இருக்கிறது. ஆனால் விண்டோஸ் நிறுவிய பிறகு அதை மாற்றினால் சிக்கல் வரலாம். மூடியை மூடினால் 'ஹைபர்நேட்' (திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு முழுதாக அணைவது) ஆகும்படி விண்டோஸிலேயே அமைப்பதுதான் எளிது.

தொடக்கூடாதவையும் உண்டு. 'சாட்டா மோடு' மாறினால் விண்டோஸ் திறக்காமல் போகும். 'கிளியர் டிபிஎம்' அழுத்தினால் பூட்டிய தரவுக்குச் சிக்கல் வரும். 'சூப்பர்வைசர் பாஸ்வேர்ட்' வைத்துவிட்டு மறந்தால் பல மாடல்களில் மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள்.

இனி அப்டேட்

முதலில் உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று தெரிய வேண்டும். விண்டோஸ் தேடலில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால் 'பயாஸ் வெர்ஷன்/டேட்' என்ற வரி இருக்கும். அடிப்பக்கத்தில் உள்ள வரிசை எண்ணை நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ உதவிப் பக்கத்தில் இட்டு, உங்கள் மாடலுக்கு உரியதை மட்டும் பாருங்கள். ஒரே பெயரில் நான்கு உட்பிரிவுகள் இருக்கும். பக்கத்து மாடலின் கோப்பு உங்களுக்கு ஆகாது. மூன்றாம் நபர் தளங்களில் கிடைக்கும் கோப்புகளையும் 'திறந்துவிடப்பட்ட' பயாஸ்களையும் புதியவர்கள் தொடவே வேண்டாம்.

மாற்றக் குறிப்புகளைப் படியுங்கள். 'தெர்மல்', 'ஃபேன்', 'பெர்ஃபார்மன்ஸ்', 'அடாப்டர்' ஆகிய சொற்கள் உங்கள் பதிப்புக்குப் பின் வந்தவற்றில் எங்காவது இருந்தால் உங்கள் சிக்கலுக்கு அப்டேட் பயன்படலாம். பாதுகாப்புத் திருத்தம் மட்டுமே என்றால் அதைப் போட வேண்டியதுதான், ஆனால் சூடு குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில வேளை கூடக்கூடச் செய்யலாம். 2019 டிசம்பரில் 'பிளண்டர்வோல்ட்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபின், பிராசசரின் மின்னழுத்தத்தை மென்பொருளால் குறைக்கும் வழியைப் பல நிறுவனங்கள் பயாஸ் அப்டேட் மூலம் அடைத்துவிட்டன. அந்த வழியால் குளிர்ச்சியாக ஓட்டிக்கொண்டிருந்தவர்களின் கணினிகள் மறுபடி சூடாயின.

வெளியான அன்றே பாய்ந்து போடுவதும் நல்லதல்ல. ஸ்பெக்டர் என்ற பிராசசர் பாதுகாப்பு ஓட்டைக்காக 2018 ஜனவரியில் வந்த திருத்தம் சில கணினிகளைத் திடீர் திடீரென்று மறுதொடக்கம் செய்யவைத்தது. இன்டெல்லே அதை விநியோகிப்பதை நிறுத்தச் சொன்னது. அவசரப் பாதுகாப்பு எச்சரிக்கை இல்லாதபோது இரண்டு வாரம் பொறுத்திருப்பதால் நட்டமில்லை.

நேரம் முக்கியம். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலையானால் இடிமழை; அந்த நேரத்தில் பயாஸ் எழுத உட்காராதீர்கள். காலையில் செய்யுங்கள். மின்சாரம் போனாலும் பேட்டரி காப்பாற்றும் என்பது உண்மைதான். ஆனால் பத்து நிமிடம்கூடத் தாங்காத பழைய பேட்டரியை நம்ப முடியாது. மாணவர் விடுதியில் நான்கு பேர் பகிரும் நீட்டிப்புக் கம்பியில் செருகாமல் சுவரிலேயே செருகுங்கள்.

செய்யும் வரிசை இதுதான்:

1. தரவை வெளித்தட்டில் பிரதி எடுங்கள்.
2. விண்டோஸ் வட்டிலுள்ள தரவைப் பூட்டி வைக்கும் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடி எடுத்து, 48 இலக்கங்களையும் காகிதத்தில் எழுதுங்கள். பிறகு பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். இதைச் செய்யாமல் அப்டேட் போட்டால், அடுத்த முறை திறக்கும்போது கணினி அந்தச் சாவியைக் கேட்டு நிற்கலாம். அலுவலகக் கணினி என்றால் சாவி அவர்களிடம் இருக்கும். அவர்களைக் கேட்காமல் தொடாதீர்கள்.
3. சார்ஜரைச் செருகி, பேட்டரியைப் பாதிக்கு மேல் ஏற்றி, மற்ற எல்லா நிரல்களையும் மூடுங்கள்.
4. நிறுவனத்தின் கருவியை ஓட்டுங்கள்.
5. திரை கறுத்து, விசிறி முழுவேகத்தில் ஓடி, கணினி தானாக இரண்டு மூன்று முறை அணைந்து எரியலாம். கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். மின்பொத்தானை அழுத்தினால் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நிற்கும். கணினிகள் செத்துப்போவது இந்தக் கட்டத்தில்தான்.
6. விண்டோஸ் வந்ததும் பதிப்பு எண்ணைச் சரிபார்த்து, பிட்லாக்கரை மீண்டும் இயக்குங்கள்.
7. பயாஸுக்குள் போய், முன்பு எடுத்த படங்களோடு ஒவ்வொரு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். அப்டேட் சில அமைப்புகளைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பியிருக்கலாம்.

பிறகு அதே வேலை, அதே அறை, அதே நேரத்தில் மறுபடி அளவெடுங்கள். முன்பைவிட மோசம் என்றால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியுமா என்று பாருங்கள். திங்க்பேட்டில் 'செக்யூர் ரோல்பேக் பிரிவென்ஷன்' இயங்கிக்கொண்டிருந்தால் பழையது ஏறாது. வேறு சில மாடல்களில் குறிப்பிட்ட பதிப்பைத் தாண்டினால் திரும்பும் வழி அடியோடு அடைக்கப்பட்டிருக்கும். மாற்றக் குறிப்பிலேயே அதைச் சொல்லியிருப்பார்கள்.

திறக்கவே இல்லை என்றால்

பதற்றத்தில் கடைக்கு ஓடுமுன் அரை மணி நேரம் விடுங்கள். பிறகு முப்பது நொடி மின்பொத்தான் வைத்தியத்தைச் செய்யுங்கள். எச்பியில் விண்டோஸ் விசையையும் 'பி'யையும் சேர்த்துப் பிடித்தபடி மின்பொத்தானை அழுத்தினால், பல மாடல்கள் சேமித்து வைத்த நல்ல பிரதியைத் தாமாக எடுத்துக்கொள்ளும். டெல்லில் கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் பிடித்தபடி சார்ஜரைச் செருகினால் மீட்புத்திரை வரலாம்.

அதற்கும் அசையாத கணினிக்கு, பயாஸ் சில்லை வெளியிலிருந்து எழுதும் கருவி வேண்டும். உத்தரவாதம் இருந்தால் நேராக நிறுவனத்தின் சேவை மையம். இல்லையென்றால் கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் லோயாட் பிளாசா போன்ற கணினிப் பேரங்காடிகளிலும், ஜார்ஜ் டவுன் பழுதுபார்ப்புக் கடைகளிலும் இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். "அண்ணே, எழுதுவதற்கு முன்பு பழையதைப் பிரதி எடுத்து வைப்பீர்களா?" என்று கேளுங்கள், மலாயில் 'பேக்கப் டுலு' என்றாலே புரிந்துகொள்வார்கள். உங்கள் கணினியின் வரிசை எண்ணும், பெரும்பாலான கணினிகளில் விண்டோஸ் உரிமச் சாவியும் அந்தச் சில்லுக்குள்தான் இருக்கின்றன. பிரதி எடுக்காமல் வேறொரு கணினியின் கோப்பை எழுதினால் இரண்டும் போய்விடும். பிரதி எடுக்கத் தயங்குபவரிடம் கணினியைக் கொடுக்காதீர்கள்.

ரசீதில் மாடல், வரிசை எண், செய்யப்போகும் வேலை, ஒப்புக்கொண்ட ரிங்கிட் தொகை நான்கையும் எழுதி வாங்குங்கள். வேலை கெட்டுப்போய்ப் பேச்சில் தீராவிட்டால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் நீங்களே வழக்குப் பதியலாம். வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரையான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது.